"யூரின்ல உப்பு இருக்கு" என்று சொல்லாதீர்கள்

போன மாதம் பாலக்கோடு பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் தங்கை ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணிக்குப் பரிசோதனை முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "யூரின்ல லேசா உப்பு இருக்குது, பார்த்து இருந்துக்கோங்க." அந்தப் பெண்ணும் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

வேகமாகப் பேசாதே, இங்கிலீஷ் கலக்காதே, முகம் பார்த்துப் பேசு என்பதையெல்லாம் எல்லாப் பயிற்சியிலும் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது, நல்ல தமிழில் சொல்லியும் தப்பாகப் போய்ச் சேருகிற வார்த்தைகளைப் பற்றி. "ஆல்புமின்" (சிறுநீரில் போகிற புரதம்) என்றால் புரியவில்லை என்று அவர்களுக்கே தெரியும், திரும்பக் கேட்பார்கள். "உப்பு" என்றால் புரிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள்.

உப்பு

அப்போது எனக்குப் பென்னாகரம் பக்கம் வேலை. ஊரில் எல்லோருக்கும் நான் நர்சம்மா. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த பெண், எட்டாம் மாதம். சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாதியை மட்டும் காட்டினேன். கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டேன், கலையவில்லை. கலையாமல் நின்றால் அது புரதம். எனக்கு அது தெரியும். ஆனால் வாயில் வந்தது, எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை: "யூரின்ல உப்பு இருக்கும்மா. அடுத்த வாரம் கட்டாயம் வா."

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், போகவில்லை. ஒரு ராத்திரி தலை பிளக்கிற மாதிரி வலி, கண் மங்கல், பிறகு வலிப்பு. 108 வராத காலம். வாடகை ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

நான் பார்க்கப் போனபோது அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "நீங்க உப்புன்னு சொன்னதுல இருந்து களிக்குக்கூட ஒரு கல்லு போடலீங்க நர்சம்மா. கீரையும் சப்புன்னுதான் கடைஞ்சு குடுத்தேன். அப்புறமும் ஏனுங்க இப்படி ஆச்சு?"

அவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. நான் சொன்ன வார்த்தைக்கு என்ன வைத்தியம் உண்டோ, அதைச் சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தார்கள். வைத்தியம் வீட்டிலேயே நடக்கிறது என்று நினைத்ததால்தான் வரவில்லை.

சிறுநீரில் போவது சமையல் உப்பு அல்ல. ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். ஐந்து மாதத்துக்கு மேல் பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே புரதமும் போனால், அது ஊரில் ஜன்னி என்று சொல்கிற வலிப்புக்கு முந்தின கட்டமாக இருக்கலாம். சாப்பாட்டில் உப்பை நிறுத்துவதால் அது நிற்காது. டாக்டர் பார்த்து, பிரஷரை அடக்கி, தேவைப்பட்டால் பிரசவத்தையே முன்கூட்டி நடத்த வேண்டிய விஷயம்.

இப்போது நான் இப்படிச் சொல்கிறேன்: "சோறு வடிக்கறப்போ தட்டு விலகிட்டா என்ன ஆகும்? கஞ்சியோட சோறும் சரிஞ்சு போயிடும். உன் கிட்னியில அப்படித்தான் நடக்குது. உடம்புல நிக்க வேண்டிய சத்து வெளிய போகுது. இதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. தலைவலி, கண்ணு மங்கல், மேல் வயித்துல வலி, மூஞ்சி வீக்கம், இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பார்க்காத, 108-க்குப் போன் போடு."

இதே உப்பு இன்னும் இரண்டு இடத்தில் ஆளைக் கவிழ்க்கிறது. கிரியேட்டினின் கூடினால் "ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு" என்கிறோம். அது தசைகளிலிருந்து வரும் கழிவு. கிட்னி அதை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது என்பதற்கான அடையாளம். இதைக் கேட்டுவிட்டுக் கல்லுப்பை விட்டு இந்துப்புக்கு மாறின பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். உப்பைக் குறைப்பது பிரஷருக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தினம் வாங்கிப் போடுகிற வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். "உப்பு" என்றதும் பேச்சு சமையலறைக்குப் போய்விட்டது.

மூன்றாவது, வயதானவர்கள் மந்தமாகி உளறினால் "உப்பு குறைஞ்சு போச்சு" என்பது. இதுதான் நிஜமான உப்பு, சோடியம். ரத்தத்தில் 135-க்குக் கீழே போனால் குறைவு. பெரும்பாலும் சாப்பாட்டில் உப்பு போடாததால் வருவதில்லை. நீர் பிரிகிற மாத்திரை, வாந்தி பேதி, வேறு நோய் என்று காரணம் இருக்கும். ஒரே தெருவில் ஒருவருக்கு உப்பு ஏறிவிட்டது, இன்னொருவருக்கு இறங்கிவிட்டது என்றால், மூன்றாம் வீட்டுக்காரர் என்ன செய்வார்? யார் சொன்னதோ அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவார்.

தயவுசெய்து, புரதத்துக்குப் புரதம் என்று சொல்லுங்கள். கிரியேட்டினினுக்குக் கிட்னிக் கழிவு என்று சொல்லுங்கள். உப்பு என்ற வார்த்தையை உப்புக்கு மட்டும் வையுங்கள்.

"கண்ட்ரோல்ல இருக்கு"

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலில் நின்று "நார்மல் ஆயிடுச்சுங்க பாட்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால், மறுநாளே மாத்திரை பரண் மேல் ஏறிவிடும். குணமானதாகத்தான் அவர்கள் கேட்கிறார்கள். "மாத்திரை போடறதாலதான் நார்மலா இருக்குது, விட்டா மறுபடி ஏறும்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தினால் முதல் பாதி மட்டும் மனதில் தங்கும்.

நெகட்டிவ்

கிருமிக்கான டெஸ்டில் "நெகட்டிவ்" என்றால் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துவிடுகிறார்கள். "கிருமி இல்லை" என்று சொல்லுங்கள். போதும்.

ரத்தம் கம்மி

உடம்பில் ரத்தத்தின் அளவே குறைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அதனால் ஊசியில் இரண்டு மில்லி எடுக்கவே பயம். இருப்பதும் போய்விடும் என்று. அளவு அல்ல, ரத்தத்தின் சிவப்புச் சத்துதான் குறைந்திருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும்; 7-க்குக் கீழே என்றால் ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, மூன்றாம் நாள் பயந்துபோய் மொத்தப் பட்டையையும் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டீயோடு சேர்த்துப் போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது.

மூணு மாச சர்க்கரை

இதற்கு முதல் நாள் பட்டினி கிடந்து பயனில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற டெஸ்ட்.

பல் கறை

வெளியூரிலிருந்து வருகிற புதியவர்கள் பள்ளிக்கூட முகாமில் பிள்ளைகளைப் பார்த்து "ஒழுங்கா பல்லு விளக்கு" என்பார்கள். எனக்கு இதைக் கேட்டால் பொறுக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் பல போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைப் பல் உருவாகிற வயதில் தொடர்ந்து குடித்தால் பழுப்புக் கறை விழும், விளக்கினால் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "வீட்டுல குடிக்கறது எந்தத் தண்ணி?"

"புரிஞ்சுதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். தேன்கனிக்கோட்டை பக்கம் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். நம் மரியாதைக்காக "சரிங்க" என்பார்கள். "வீட்டுக்குப் போனதும் மாமியார் என்ன சொன்னாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள்.

பாலக்கோட்டில் அந்தப் பெண்ணை வாசலுக்கு வெளியே போய்த்தான் திரும்பக் கூட்டிவந்தோம். புதுத் தங்கையே மறுபடி உட்கார்ந்து, வடிதட்டு உவமையைச் சொல்லி விளக்கினாள். பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கஞ்சியோட சோறு போகுதாம். உப்பு போட்டே ஆக்கலாமாம். வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்கணுமாம்" என்றாள். வெள்ளிக்கிழமை அவள் போனாள். அன்று பிரஷர் 146/94. அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.