எந்த இடத்தை முதலில் சுத்தம் செய்வது: வரிசை போடும்போது நடக்கும் தவறுகள்

சாயக்கழிவு ஓடிய ஓடை, உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறை, தோல் ஆலை, பழைய குப்பைக்கிடங்கு என்று கொங்கு நாட்டில் மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போன இடங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எடுத்துச் செய்யப் பணமும் போதாது, ஆளும் போதாது. அதனால் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வதிலேயே பாதிக் காரியம் இருக்கிறது.

அதில் பெரும்பாலும் நடக்கும் தவறு, கண்ணை நம்புவது. சிவப்பாகவோ நீலமாகவோ ஓடும் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும், படம் எடுப்பார்கள், மனு கொடுப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் பிளேட்டிங் பட்டறைக்குப் பக்கத்துக் கிணறு பளிங்கு மாதிரி இருக்கலாம். முலாம் பூசப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டிடிஎஸ் மீட்டரும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும். ஒரு கிணற்றில் டிடிஎஸ் 4,000, அதை யாரும் வாயில் வைப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றில் 700, ஆனால் குரோமியம் கலந்திருக்கிறது, நாற்பது வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர். இரண்டாவதுதான் முதலில் வரவேண்டும். எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதோடு, அது எந்த வழியாக யாரிடம் போய்ச் சேருகிறது என்பதையும் பார்த்தே தீரவேண்டும்.

அடுத்தது, ஆலையின் காம்பவுண்டோடு இடம் முடிந்துவிட்டதாக நினைப்பது. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் போட்டது மேலே திருப்பூரில், கழிவு தேங்கியது கீழே அணையில், கிணறு கெட்டது சுற்றுப்பட்டுத் தோட்டங்களில். கழிவை முழுக்கச் சுத்திகரித்து வெளியே விடாமல் இருந்தால்தான் இயங்கலாம் என்று சொல்லி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறையை ஒரே நாளில் மூடிவிடலாம். சாயக்கழிவோடு பாறை இடுக்கில் இறங்கிய உப்பு அப்படி ஒரே நாளில் போய்விடாது. வேலிக்குள் மட்டும் அளந்தவர்களுக்கு இந்தச் சேதம் கணக்கிலேயே வராது.

நம்ம பூமி பாறைப் பூமி. தண்ணீர் மணலில் பரவுவதுபோல் எல்லாப் பக்கமும் சமமாகப் போகாது, வெடிப்பு போகும் திசையில் போகும். வரைபடத்தில் ஐநூறு மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருந்தால் ஆபத்து, வெளியே இருந்தால் இல்லை என்று பிரிப்பது பிசகு. கைவிட்ட போர்க் குழிகளையும் (ஆழ்துளைக் கிணறுகளையும்) மறந்துவிடுகிறார்கள். கேசிங் (உள்ளே இறக்கும் சுவர்க்குழாய்) சரியில்லாத ஒரு பழைய போர் போதும், மேல்மட்டத்துக் கழிவு நேராக ஆழத்துக்கு இறங்கிவிடும்.

மாதிரி எடுப்பதிலும் அவசரம். மோட்டாரைப் போட்டதும் வரும் தண்ணீர் குழாயில் நின்ற தண்ணீர். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மீட்டர் காட்டும் அளவு நிலையான பிறகு பிடிக்கவேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் ஆய்வகம் தரும் அமிலத்தைச் சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அறிக்கையில் குறைவாகத்தான் வரும். ஐப்பசி மழைக்குப் பின் எடுத்த ஒரே மாதிரியை வைத்து முடிவு கட்டவும் கூடாது, சித்திரை வெயிலில் இன்னொன்று வேண்டும். அப்புறம், மேட்டுப் பக்கம் கெடாத ஒரு கிணற்றையும் சோதிக்கவேண்டும். இங்கே பல ஊர்ப் பாறையிலேயே ஃபுளோரைடும் கடினத்தன்மையும் உண்டு. அதையும் ஆலையின் தலையில் கட்டினால் உண்மையான கணக்கும் சேர்ந்து அடிபடும்.

கழிவு இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே மண்ணைத் தோண்டி அள்ளுவது வீண் செலவு. முதலில் அதை நிறுத்தவேண்டும்.

கடைசியாக மனு. மாசடைந்த இடங்களுக்கென்று ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடும் பொறுப்பு அதன்படி உள்ளாட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வந்திருக்கிறது. 'தண்ணி கெட்டுப்போச்சு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பட்டியலில் உங்கள் ஊருக்கு வலு இருக்காது. எந்தச் சர்வே எண், கிணறா போரா, எத்தனை அடி, எந்த வருடத்திலிருந்து மாறியது, எத்தனை வீடு குடிக்கிறது, எத்தனை மாடு குடிக்கிறது, கழிவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுதிக் கொடுங்கள்.