சுகர் நோட்டும் வாட்ஸ்அப் குரூப்பும்: இரண்டையும் உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி

வேலூர் ஆஸ்பத்திரிகளில் டோக்கன் போட்டு அரை நாள் காத்திருந்தாலும் டாக்டர் முன்னால் நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதில் அவர் "வீட்டில் பார்த்தால் சுகர் எவ்வளவு வருது?" என்று கேட்க, "ஒரு நூத்தி எண்பது, இருநூறு இருக்கும் சார்" என்கிறோம். இதை வைத்து அவர் என்ன முடிவெடுப்பார்? வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா, மாத்திரை போட்டதா இல்லையா, ஒன்றுமே அதில் இல்லை.

அதனால் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஆப் பிடித்தவர்கள் ஆப் வைத்துக்கொள்ளலாம், ஆனால் டாக்டர் ஒரு பார்வையில் புரட்டிப் பார்க்க நோட்டுதான் வசதி என்பது என் கட்சி. தேதி, நேரம், சுகர் அளவு, கடைசியாக என்ன எப்போது சாப்பிட்டீர்கள், மாத்திரை அல்லது ஊசி, அப்புறம் ஓரத்தில் குறிப்பு. இந்தக் குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம். ஆம்பூரில் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டையில் டேனரியிலோ நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்குக் காலை ஏழு மணி என்பது வெறும் வயிறே இல்லை, மூன்று மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்டிருப்பார். அதை எழுதாவிட்டால் அந்த எண் டாக்டரைத் தப்பான பக்கம் இழுத்துவிடும். காய்ச்சல், கல்யாண விருந்து, நோன்பு, மாத்திரை தீர்ந்து வாங்காமல் விட்ட நாள், எல்லாம் அந்த ஓரத்தில் வரட்டும்.

சுகர் மீட்டருக்காக விரலில் குத்துவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். மாம்பழம் தின்ற கையோடு குத்தினால் மீட்டர் மாம்பழத்தையும் சேர்த்து அளக்கும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடியே வையுங்கள், மே மாத வேலூர் வெயிலில் வண்டி டிக்கியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சரி, சுகர்காரர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கு வருவோம். "கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சுகர் ஏறாது" என்று யாராவது போடுவார், கீழே முப்பது பேர் கைகூப்புவார்கள். நம் ஊர்ப்பக்க வீடுகளில் களி தினப்படி சாப்பாடு, எனவே கேட்டதை அப்படியே நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. இன்னொரு நாள் களி உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலை அதிகமாக்கி, மற்றதெல்லாம் அதேபோல வைத்து மறுபடி. ஒரே நாளை வைத்து முடிவுகட்டாமல் இரண்டு விதத்தையும் சில தடவை பாருங்கள். பெரிய உருண்டை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை உங்கள் ரத்தமே சொல்லிவிடும். முக்கியம், இதற்காக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த நேரத்தில் பார்த்தபோது 70க்குக் கீழே இருந்தாலும் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், எழுதுவதெல்லாம் அப்புறம்.

குரூப்பில் இன்னொரு கோளாறு உண்டு. கஷாயம் குடித்துச் சுகர் குறைந்தவர் ஓடி வந்து சொல்வார், குறையாதவர் வாயே திறக்க மாட்டார். அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற நோயாளிகளுக்கான இணையதளத்தில் நடந்ததைப் பாருங்கள். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கு லித்தியம் என்ற மருந்து உதவும் என்று 2008இல் இத்தாலியிலிருந்து ஒரு சின்ன ஆய்வு வந்ததும், அந்தத் தளத்தில் இருந்த நோயாளிகள் சிலர் அதை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எடுத்தவர், எடுக்காதவர் எல்லாரும் ஒரே அளவுகோலில் தங்கள் நிலையைப் பதிந்துவந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் லித்தியம் நோயைத் தள்ளிப்போடவில்லை என்று தெரிந்தது, 2011இல் அது ஆய்விதழிலும் வந்தது. பலிக்காததையும் எழுதியதால்தான் அவர்களுக்கு அது தெரியவந்தது. உங்கள் குரூப்பிலும் "எனக்குக் குறையல" என்று யாராவது ஒருத்தர் சொல்லட்டும், அது நீங்களாகவே இருக்கட்டும்.

குரூப்பால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எந்தக் கடையில் ஸ்ட்ரிப் மலிவு, எந்தச் செருப்பு கால் புண்ணை உரசாது, ஊசியை எங்கே மாற்றி மாற்றிப் போடுவது வலிக்காமல் இருக்கிறது, ரிப்போர்ட் கவுன்டரில் எப்போது கூட்டம் குறைவு, இதையெல்லாம் சொல்ல டாக்டருக்கு நேரம் இருக்காது. டோஸ் மட்டும் குரூப்பில் கேட்காதீர்கள், யாராவது கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ரிப்போர்ட்டை அப்படியே போட்டோ எடுத்துப் போடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். பெயர், வயது, போன் நம்பர், ஆஸ்பத்திரி நம்பர், ஆபா நம்பர் (அரசு தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்), மூலையில் இருக்கும் க்யூஆர் கோடு எல்லாமே அதில் இருக்கும். சில லேப் ரிப்போர்ட்டுகளில் அந்தக் கோடை ஸ்கேன் செய்தால் முழு ரிப்போர்ட்டும் திறந்துகொள்ளும். போனில் உள்ள பேனாவால் கிறுக்கி மறைப்பது போதாது, லேசான மை என்றால் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். வேண்டிய ஒரு வரியை மட்டும் வெட்டிப் போடுங்கள், அல்லது எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் கடைசி இரண்டு வாரத்தை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளின் மேலே டாக்டரிடம் கேட்க இரண்டு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். "குரூப்பில் படித்தேன்" என்று ஆரம்பித்தால் பல டாக்டர்களுக்கு முகம் சுருங்கும், "சார், ராத்திரி களி சாப்பிட்ட நாளெல்லாம் காலையில் ஏறியிருக்கு, இதோ பாருங்க" என்றால் நோட்டைக் கையில் வாங்குவார்.

நோட்டோடு மீட்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிற அதே நேரத்தில் விரலிலும் ஒன்று குத்திக் குறித்துவையுங்கள். லேபில் 200 வந்தால் மீட்டர் 170இலிருந்து 230க்குள் காட்டினால் சரி, அதையும் தாண்டினால் புது ஸ்ட்ரிப் டப்பா வாங்கி மறுபடி பாருங்கள், அப்போதும் ஒத்துவராவிட்டால் மீட்டரை மாற்ற வேண்டியதுதான்.