கொரௌர் நிலையத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொரௌர் என்பது ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் இருக்கும் ஒரு ரயில் நிலையம். போன மாதம் கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் இரண்டு நம்ம ஊர்ப் பையன்கள், கையில் கொரௌர் டிக்கெட், காலியாக இருந்த பெட்டியாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தார்கள். "தம்பி, இந்தப் பெட்டி ஓபன் ஊருக்குப் போகுது, அந்தப் பக்கம் போங்க" என்று கிட்டப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். மழைக்கோட்டு, நல்ல ஷூ பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே ரயில்தானே என்று ஏறுவது

கிளாஸ்கோவில் ஒன்றாகக் கிளம்பும் ரயில் கிரியன்லாரிக்கில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓபனுக்கு, மறு பாதி கொரௌர் வழியாக ஃபோர்ட் வில்லியம் பக்கம். அறிவிப்பு வரும், ஆனால் தூங்கிவிட்டால் போச்சு.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அக்டோபர் மதியம் நான் அப்படித்தான் போனேன். கண் விழித்தபோது பலகையில் டைண்ட்ரம் என்று இருந்தது. வழியில் டைண்ட்ரம் வரும் என்று படித்து வைத்திருந்ததால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அந்தச் சின்ன கிராமத்துக்கு இரண்டு நிலையங்கள் என்பதும், 'லோயர்' என்றால் ஓபன் வழி, 'அப்பர்' என்றால் ஃபோர்ட் வில்லியம் வழி என்பதும் அப்போது தெரியாது. அடுத்து டால்மல்லி வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. இறங்கி, எதிர் ரயிலுக்குக் காத்திருந்து, கிரியன்லாரிக் திரும்பி, அங்கே இரவு ரயில் வரும்வரை குளிரில் உட்கார்ந்திருந்தேன். டாக்சி பிடிக்கலாமே என்பீர்கள். கொரௌருக்கு மிக அருகில் உள்ள பொதுச்சாலையே சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எவ்வளவு கொடுத்தாலும் வாசலில் கொண்டுவந்து விட ஆள் கிடையாது. கடைசியில் இறங்கியபோது கும்மிருட்டு. ஆஸ்ஸியன் ஏரிக்கரை விடுதிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல், ஒரு விளக்குகூட இல்லாத மண்பாதையில், கைவிளக்கு வட்டத்துக்குள் காலை வைத்து வைத்து நடந்தேன். அன்று பார்க்க நினைத்த எதையும் பார்க்கவில்லை, இன்றும் ஆறவில்லை.

பெட்டிக் கதவருகே ஊர் பெயரைப் பாருங்கள். பார்த்தாலும் நடத்துநரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

ரயில் இன்னும் குறைவு. திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள்.

அடுத்த நிலையம்வரை தண்டவாளத்தில் நடப்பது

ரன்னாக் அடுத்த நிலையம்தான், ஆனால் நடுவில் இருப்பது ரன்னாக் சதுப்பு வெளி. 1894-இல் திறந்த இந்தப் பாதையைப் போடும்போது தரை தாங்காமல், மரவேரும் சுள்ளியும் பரப்பி அதன்மேல் மண்ணும் சாம்பலும் கொட்டி, மிதவை மாதிரி செய்துதான் தண்டவாளத்தை இறக்கினார்கள். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கக் கால் வைத்த இடம் உள்வாங்கும். தவிர, தண்டவாளத்தில் நடந்தால் ஆயிரம் பவுண்டுவரை அபராதம். மலைப்பாதை ஒன்று இருக்கிறது. நாள் முழுக்க நடக்கத் தெம்பும் வரைபடமும் இருந்தால் அதில் போங்கள்.

சாப்பாடு

நிலையத்து உணவகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். பக்கத்தில் வேறு கடை கிடையாது. எப்போது போனாலும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

கோடையில் கொசு

மிட்ஜ் என்பார்கள், கடுகளவுகூட இருக்காது. முகத்துக்கு வலை வாங்குங்கள்.