பல் மாறுகிற நாய்க்குட்டிக்கு எலும்பைப் போடாதீர்கள்

மூன்றரை, நாலு மாதக் குட்டி வாசலில் கிடக்கிற செருப்பு, கட்டில் கால், பத்தமடைப் பாயின் ஓரம் என்று கண்டதையெல்லாம் கடித்தால் அது வெறும் சேட்டை இல்லை. பால்பல் 28-ம் விழுந்து 42 பல் வருகிற சமயம் அது. சிப்பிப்பாறை இனக் குட்டியோ தெருவில் எடுத்து வந்த குட்டியோ, எதுவானாலும் ஆறேழு மாதம் வரை ஈறு படுத்தத்தான் செய்யும். அப்போது போய் "ஏலே, விடுலே" என்று வாயிலேயே அடிக்கிறார்கள். அடித்தால் ஈறு வலி குறையுமா? கையைக் கண்டாலே மிரண்டு கடிக்கிற நாயாகத்தான் அது வளரும்.

இதைவிடப் பெரிய தவறு, பல் உறுதியாகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை குழம்பு எலும்பைப் போடுவது. வெந்த எலும்பு, அதிலும் கோழி எலும்பு, ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். போதாததற்குக் குழம்பில் வெங்காயம் வேறு, அது நாயின் ரத்தத்தையே கெடுக்கும். சரி, எலும்பு வேண்டாம் என்று மாட்டுக் கொம்பு, குளம்பு, பனங்கொட்டை என்று போனால் பல்லே விரிசல் விட்டுவிடும். கொடுக்கிற பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் கொஞ்சமாவது பதியணும். பதியவில்லையென்றால் கொடுக்காதீர்கள்.

மெத்தென்று இருந்தாலும் நார் உரிகிற பொருள் ஆகாது. தேங்காய் மட்டை, கயிறு, பாய்க் கோரை, பனங்கிழங்கு நார் எல்லாம் வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருட்டி இழுத்து அடைத்துக்கொள்ளும். மாங்கொட்டையும் சோளக் கதிர்த் தண்டும் அப்படியே போய் மாட்டும். ஆசன வாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே குடல் கிழிந்துவிடும். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பின்னே எதைத்தான் கொடுப்பது? பழைய பருத்தித் துண்டை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அதைவிட இதம் குட்டிக்கு வேறு இல்லை. கூடவே உட்கார்ந்திருக்கணும், நூல் பிரிந்தால் வாங்கிவிடணும். ஃப்ரிட்ஜில் வைத்த பெரிய கேரட்டும் நல்லது. ரப்பர் பொம்மை வாங்கினால் முழுசாக வாய்க்குள் போகாத அளவில் வாங்குங்கள். பிய்ந்த செருப்பை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள், பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போது தடவுகிற ஜெல், கிராம்புத் தைலம், வீட்டில் கிடக்கிற பாரசிட்டமால், இபுபுரூஃபன் எதுவும் வேண்டவே வேண்டாம், குட்டியின் உயிருக்கே ஆபத்து.

துண்டில் துளி ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஆடுகிற பல்லைப் பிடுங்காமல் விட்டால் தானே விழும். ஆனால் ஆறேழு மாதமாகியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ கொண்டுபோங்கள். சாப்பாட்டைத் தொடாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அன்றைக்கே போகணும்.

அப்புறம், பால்பல்தானே என்று கையில் பட்ட கீறலை விட்டுவிடாதீர்கள். தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.