வெட்கப்பட வைக்காமல் சம்மதம் கேட்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில், வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரிடம் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல காரியத்துக்குத்தானே கேட்கிறோம் என்ற நினைப்பே நம்மை எளிதில் வரம்பு மீற வைத்துவிடும்.

காவடித் திருநாளில், கோயில் வாசலில் நாலு பேர் முன்னிலையில் கேட்டால் எவரும் தலையசைத்துவிடுவார்கள். அந்தத் தலையசைப்பு வெட்கத்தினால் வந்தது என்பதால் பிள்ளை இரண்டு வாரத்தில் நின்றுவிடும். ஆகவே, முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பிள்ளையை அழைத்து வரப்போவது ஆயாவாக (பாட்டியாக) இருந்தால் அவரையும் உட்கார வைத்து, இதுவரை அனுப்பாததன் காரணத்தை முதலில் கேளுங்கள். கார் இல்லாத வீட்டில் மொழிப்பற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அடுத்து, பலனுக்கு முன்பாகச் சிரமத்தைச் சொல்லுங்கள். இந்த நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1913 அக்டோபரில், பெரும்பாலும் தமிழர்களான பெண்கள் சிலர் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து எல்லை கடந்து நேட்டாலில் உள்ள நியூகாசில் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும்படி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசினார்கள். அப்படிப் பேசிய பெண்களே அதற்காக 3 மாதக் கடுங்காவலும் அனுபவித்தார்கள். அங்கு வந்த காந்தியும் தொழிலாளரிடம் சிறைக் கொடுமைகளை விவரித்து, தயங்குகிறவர்கள் சுரங்கத்துக்கே திரும்பலாம் என்றார். வேலைநிறுத்தம் செய்தவர்கள் டிரான்ஸ்வாலுக்குப் போகவிருந்த நடைப்பயணத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும்தான் கிடைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. நம் வகுப்பு அத்தனை பெரிய காரியமல்ல. ஆயினும் ஓராண்டில் பிள்ளை சரளமாகப் பேசிவிடாது என்பதையும், வீட்டிலும் தினமும் பழக வேண்டும் என்பதையும் சொல்லாமல் விடுவது ஏமாற்றுதான்.

தமிழ் படித்தால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்பது போன்ற, நமக்கே உறுதியில்லாத பேச்சு வேண்டாம். 1860-இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை முதன்முதலில் இங்கு கொண்டுவந்த ‘ட்ரூரோ’ கப்பலில் வந்த முன்னோரின் ஆன்மா வருந்தும் என்றும் சொல்ல வேண்டாம். நானே ஒருமுறை அப்படிப் பேசினேன். பையன் சேர்ந்தான், அவன் தாயோ அதன்பின் என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் நடந்தார்.

தமிழ் மறந்துபோன பெற்றோரிடம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். அவர்களுக்கு வராத மொழியில் கேட்பதும் ஒருவகை நெருக்குதல். சேர்க்கைப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, அன்றே பதில் வாங்காமல் எழுந்து வாருங்கள். மறுத்துவிட்டால், அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கலாமா என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் வேண்டாம் என்றால், அந்த வீட்டுக்கு இனி நண்பராக மட்டும் போய் வாருங்கள்.