சாயங்காலமானால் வீறிடும் பச்சிளங்குழந்தையா?

பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுகிறதா? பிறந்த 2, 3 வாரத்தில் தொடங்கும் இந்த அழுகை 6-வது வாரவாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 3, 4 மாதத்தில் தானாக அடங்கிவிடும். உங்கள் வளர்ப்பில்தான் குறை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி இது. முன்கையின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள். கன்னம் முழங்கை மடிப்பில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கட்டும், மூக்கு அழுந்தக் கூடாது. கால்கள் இருபுறமும் தொங்க, உள்ளங்கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முதுகைத் தடவியபடி மெதுவாக நடங்கள். ஃபேன் சத்தம் போன்ற சீரான ஓசையும் கைகொடுக்கும். தூங்கிவிட்டால் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்.

எதற்கும் மசியவில்லை, உங்களுக்கும் பொறுமை போகிறதா? குழந்தைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு 5 நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள், தப்பே இல்லை. எந்தக் கோபத்திலும் குலுக்கிவிடாதீர்கள். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். அப்புறம், 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் கிளம்பிவிடுங்கள்.