செமஸ்டர் டைம்டேபிள்: மணிக்கணக்கு இடித்தது எங்கே?

பி.எஸ்சி. நர்சிங்கில் 2021-22 முதல் வந்த செமஸ்டர் முறைக்கு எங்கள் கல்லூரி ஆசிரியர்களைத் தயார்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டத்தை எல்லோரும் படித்திருந்தார்கள். ஆனால் முதல் செமஸ்டர் டைம்டேபிள் போட்டால் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் போட்டதில் வார்டு போஸ்டிங் குறைந்தது, இன்னொருவர் போட்டதில் முதலுதவிக்கு இடமே இல்லை.

பயிற்சி வகுப்பு வைத்தோம், பலனில்லை. பழைய வருடாந்திர மாஸ்டர் பிளானை இரண்டாகப் பிரித்துப் பார்த்தோம். பாடங்களே வேறு மாதிரி அமைந்திருந்ததால் அதுவும் ஒட்டவில்லை.

சிக்கல் கிரெடிட்டில், அதாவது பாடத்தின் அளவைச் சொல்லும் அலகில் இருந்தது. ஒரு கிரெடிட் தியரிக்கு 20 மணி நேரம், லேபுக்கு 40, கிளினிக்கலுக்கு, அதாவது ஆஸ்பத்திரி வார்டு போஸ்டிங்குக்கு, 80. பலர் எல்லாவற்றையும் 20 ஆல் பெருக்கியிருந்தார்கள். நர்சிங் ஃபவுண்டேஷன் முதல் பகுதியைப் பாருங்கள்: தியரி 6, லேப் 2, கிளினிக்கல் 2. பத்து கிரெடிட்தானே, 200 மணி என்று தோன்றும். உண்மையில் 120, 80, 160, ஆக 360. முதலுதவி மாட்யூலும் இதற்குள்ளேயே அடக்கம், தனியாக மணி தேட வேண்டாம்.

பிறகு கிரெடிட் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, 20 வாரச் சார்ட் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். அவரவர் மணிகளை அவரவரே நிரப்ப வேண்டும். கிளினிக்கல் முதலில், அதுவும் பென்சிலில். ஆஸ்பத்திரி தேதிகள் நம் கையில் இல்லையே. அன்றே கணக்கு நேரானது, அப்பாடா என்றிருந்தது. பழைய முறையில் படிக்கும் சீனியர் பேட்ச் அதே வார்டில் அதே வாரம் இருப்பதும் சார்ட்டில்தான் தெரிந்தது. புதிய பேட்ச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளினோம்.